எம்ஜிபி-யின் இரட்டை எஸ்யூ: சீரமைப்பதா, வெபருக்கு மாறுவதா?

கேள்வி – கவென்ட்ரிவாசி:
என்னிடம் இருப்பது 1968ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், திறந்த மேற்புறம் கொண்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி என்ஜின், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தர இரண்டு எஸ்யூ ஹெச்எஸ்4 கார்புரேட்டர்கள். சூடேறிய பிறகு ஐட்லிங் (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) நிலைகொள்வதில்லை. ஒரு சிக்னலில் நிமிடத்துக்கு 700 சுற்று, அடுத்த சிக்னலில் 1300. காலையில் கலவையைத் திருத்தினால் மாலைக்குள் கலைந்துவிடுகிறது. கேஸ்கட்கள் எல்லாம் புதியவை. இரண்டையும் கழற்றிவிட்டு வெபர் 45 என்ற வேறு வகைக் கார்புரேட்டர் ஒன்றை மட்டும் போடச் சொல்கிறார் மெக்கானிக். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் – பழைய ஸ்பானர்:
மனம் வராதது நல்லதே. கேஸ்கட் மாற்றியும் தீரவில்லை என்றால் த்ராட்டில் ஸ்பிண்டிலைத்தான் (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் தண்டு) நான் சந்தேகிப்பேன். அந்தத் தண்டு அலுமினிய உடலுக்குள் நேரடியாகச் சுழல்கிறது. பல்லாண்டு ஓட்டத்தில் தண்டும் தேயும், துளையும் நீள்வட்டமாகும். அந்த இடைவெளி வழியே கணக்கில் வராத காற்று நுழையும். தண்டு நிற்கும் இடத்தைப் பொறுத்து கசிவு கூடும், குறையும். அதனால்தான் நீங்கள் திருத்திய கலவை தங்குவதில்லை.

என்ஜினை நிறுத்தி, தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பிறகு ஐட்லிங்கில் ஓடவிட்டு, முனைகளில் சில சொட்டு என்ஜின் எண்ணெய் விடுங்கள். ஓட்டத்தின் வேகம் மாறினால் கசிவு அங்கேதான். கிளீனர் ஸ்பிரே அடிக்கச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம்! இந்த என்ஜினில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்) கார்புரேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது, தீப்பிடித்துவிடும்.

பதில் – வெபர்பிரியன்:
என் எம்ஜிபி-யில் வெபர் 45 டிசிஓஇ இருக்கிறது. முழு வேகத்தில் அருமை. ஆனால் அதில் வென்சுரி (காற்று போகும் குறுகிய வழி) அளவு மாறாது. சோக் (அந்த வென்சுரிதான்), ஜெட் (பெட்ரோல் வரும் துளை) எல்லாவற்றையும் உங்கள் என்ஜினுக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஸ்யூ-வில் தேவைக்கேற்ப அதற்குள் இருக்கும் பிஸ்டன் தானே ஏறி இறங்கி வழியை அகலமாக்கும். ஊர் சுற்ற அதுவே சுகம். பழையதைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் கவலை வேண்டாம்: இங்கிலாந்தில் சாலிஸ்பரியின் பர்லன் நிறுவனம் எஸ்யூ-வை இன்றும் புதிதாகத் தயாரிக்கிறது.

கவென்ட்ரிவாசி:
பின்பக்கக் கார்புரேட்டரில் தண்டு நன்றாகவே ஆடுகிறது. எண்ணெய் விட்டதும் வேகம் இறங்கியது. தேய்ந்த துளைக்குப் புஷ் (உள்வளையம்) போடுவதை வீட்டிலேயே செய்யலாமா?

பழைய ஸ்பானர்:
முதலில் புதிய தண்டை மட்டும் நுழைத்துப் பாருங்கள். அப்போதும் ஆடினால் உடலைத் துளைத்து புஷ் ஏற்ற வேண்டும். இரு பக்கத் துளைகளும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டிய வேலை அது. கையில் பிடித்த ட்ரில்லால் ஆகாது. இதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிரிக்கும்போது பட்டாம்பூச்சித் தகட்டின் (தண்டில் பூட்டிய த்ராட்டில் தகடு) இரண்டு திருகுகளைக் கவனியுங்கள். அவற்றின் பிளந்த முனைகளைக் குறடால் நெருக்கிய பிறகே கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது புதிய திருகுகளைப் போட்டு முனைகளை விரித்துவிடுங்கள். தளர்ந்து விழுந்தால் நேராக என்ஜினுக்குள் போகும். மேல்குடுவையும் (கார்புரேட்டரின் மேல்மூடி) அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. முன் கார்புரேட்டருடையதையும் பின் கார்புரேட்டருடையதையும் கலந்துவிடாதீர்கள், உப்புத்தாள் தொடவே கூடாது. இங்கே பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டதால், ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள்.

பூட்டியபின் ஜெட் நட்டை (கலவையைத் திருத்தும் அடி நட்) மேலே முட்டும்வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். காற்று வாயில் ரப்பர் குழாய் வைத்துக் கேட்டு, இரண்டிலும் சீறல் சமமாகும்வரை த்ராட்டில்களைச் சரிசெய்யுங்கள். அடுத்து கார்புரேட்டர் பிஸ்டனைத் துளி உயர்த்துங்கள்: வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், என்ஜின் அணையப் பார்த்தால் குறைவு, லேசாக ஏறி அடங்கினால் சரி.