உதவி: நண்பகலில் சோலார் இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது (கொழும்பு கொட்டாஞ்சேனை, பழைய வீடு)

வாசற்படி: வணக்கம். தாத்தா காலத்து ஓட்டு வீட்டைச் சீர்செய்து கூரையில் சோலார் பூட்டினோம். தகடுகளின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் காலையில் ஒழுங்காக ஓடுகிறது. பதினொரு மணிக்குப் பிறகு தானாக நிற்கிறது, வருகிறது, மறுபடியும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் மோசம். அவசரம், யாராவது சொல்லுங்கள்.

மின்பிரியன்: எத்தனை கிலோவாட்? ஒரு ஃபேஸா, மூன்றா? மின்கலம் உண்டா? நிற்கும்போது திரையில் என்ன காட்டுகிறது?

கடலோரம்: துறைமுகம் பக்கம் அல்லவா, உப்புக் காற்றுதான். இணைப்புகள் எல்லாவற்றையும் கழற்றித் துருவைப் பாருங்கள்.

மின்பிரியன்: துருவால் மின்கசிவு என்றால் மழை ஈரத்தில்தான் தொல்லை கூடும் அண்ணா. இவருக்கு நல்ல வெயிலில் நிற்கிறது.

மூத்தவன்: இதற்கு இங்கே பலமுறை பதில் எழுதியாயிற்று. தேடிப் படிக்கும் பழக்கம்தான் ஒருவருக்கும் இல்லை. ஞாயிறு கடைகள் பூட்டு, பாவனை குறைவு, ஊர்க் கூரைகள் எல்லாம் மின்சாரத்தை வெளியே தள்ளுகின்றன, மின்னழுத்தம் ஏறுகிறது. 230 வோல்ட்டாக இருக்கவேண்டியது ஏறி, இன்வெர்ட்டரில் வைத்த எல்லையைத் தாண்டினால் அது நிற்கத்தான் வேண்டும். நண்பகலில் இன்வெர்ட்டரிலும் மீட்டரிலும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். மீட்டரிலேயே கூடுதலாக இருந்தால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு எழுதுங்கள், ட்ரான்ஸ்போமரில் சரிசெய்வார்கள். இன்வெர்ட்டரில் மட்டும் கூடுதல் என்றால் இரண்டுக்கும் இடையிலுள்ள உங்கள் கம்பி நீளத்துக்கு மெலிதாக இருக்கலாம், அதைத் தாண்டித் தள்ளத்தான் இன்வெர்ட்டரில் வோல்ட் ஏறுகிறது. அந்தக் காலத்து வீடுகள் முன்வாசலிலிருந்து பின்கட்டுவரை நீளமானவை. இன்வெர்ட்டர் நிற்கும் எல்லையை நீங்களாக உயர்த்தாதீர்கள், வீட்டுக் கருவிகள் கருகலாம்.

பழைய ஓடு: தகடுகள் தெருப்பக்கக் கூரையிலா? முகப்பே கெட்டுவிடுமே! பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

கடலோரம்: மின்கட்டணம் தாங்காமல் வீட்டை விற்றுவிட்டால் முகப்பு யாருக்கு?

பழைய ஓடு: இரண்டையும் காப்பாற்றலாம். கொழும்பு 7 பாகை வடக்கில் இருக்கிறது, வெயில் உச்சிக்கு நெருங்கி வருகிறது. உள்முற்றத்துச் சாய்வில் வைத்தாலும் விளைச்சல் பெரிதாகக் குறையாது. தகடுகளைத் தாங்கும் கொக்கியை ஓட்டுக்குக் கீழுள்ள கைமரத்தில் பூட்டவேண்டும், பாரம் ஓட்டில் இறங்கக்கூடாது.

மூத்தவன்: கேட்டது கூரையைப் பற்றி அல்ல.

பழைய ஓடு: பழைய வீட்டில் கூரையை விட்டுவிட்டு மின்சாரத்தை மட்டும் பேச முடியாது ஐயா.

வாசற்படி: 5 கிலோவாட், ஒரு ஃபேஸ், மின்கலம் இல்லை. இன்று நண்பகல் இன்வெர்ட்டரில் 254 வோல்ட், மீட்டரில் 244. கம்பி மாற்ற ஆள் வருகிறார். நன்றி.

மின்பிரியன்: இப்போதுள்ள கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர், எத்தனை மீட்டர் நீளம்? மாற்றிய பிறகு வரும் அளவையும் எழுதுங்கள்.