பாகான் டத்தோ பக்கம் படகு எடுப்பவர்கள் சொல்லுங்கள்: அலை முன்கணிப்பை எப்படிப் பார்க்கிறீர்கள்?

வணக்கம். எனக்கு இங்கே செம்பனைத் தோட்டத்தில் வேலை. ஞாயிறு ஆனால் மச்சானின் ஃபைபர் படகில் பேராக் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டி மீன் பிடிக்கப் போவோம்.

போன வாரம் கைப்பேசிச் செயலி ஒன்று அலை 0.3 மீட்டர், காற்று லேசு என்றது. சரி என்று கிளம்பினோம். விடிகாலையில் மேற்கே சுருட்டி வைத்த பாய் மாதிரி ஒரு கருமேகம். பத்தே நிமிடத்தில் காற்று. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கடலுக்குப் போனது, மச்சான் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டே என்னைத் திட்டினார்.

சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் இந்தக் காற்று நமக்குப் புதிதல்ல. ஆனால் செயலிக்குப் பின்னால் இருக்கும் கணினி வானத்தையும் கடலையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. அமெரிக்காவின் ஜி.எப்.எஸ். என்ற வானிலைக் கணிப்பு மாதிரிக்கு ஒரு கட்டம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர், ஐரோப்பிய மாதிரிக்கு 9. இடிமேகம் அதற்குள்ளேயே உருவாகி அடித்துவிடும் போல. வற்றுநீர் வெளியே ஓடும்போது எதிர்க்காற்று அடித்தால் முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழும்புமே, அதுவும் அந்தக் கட்டத்தில் தெரிவதில்லை. நீரேற்ற அட்டவணை மட்டும் இதுவரை ஏமாற்றியதில்லை.

அண்ணன்மார்களே, கிளம்பும் முன் எத்தனை மாதிரிகளை ஒப்பிடுகிறீர்கள்? மெட்மலேசியா (மலேசிய வானிலைத் துறை) ரேடார் படத்தை எத்தனை மணிக்குப் பார்த்தால் திரும்பி வர நேரம் கிடைக்கும்? அப்புறம், கரையிலிருந்து எவ்வளவு தூரம் வரை உங்களுக்குக் கைப்பேசி லைன் எடுக்கிறது?