கோடை மழையில் ரோஜா இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது, மொட்டும் விரியவில்லை. என்ன செய்யலாம்?

மாடித்தோழி:
வணக்கம். மாடியில் 9 தொட்டிகளில் ரோஜா வைத்திருக்கிறேன். இந்தக் கோடையில் வெயிலைவிட மழைதான் அதிகம். மூன்று வாரமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டுகிறது. எல்லாச் செடியிலும் இலைகள் கீழிருந்து மஞ்சளாகி உதிர்கின்றன. வெள்ளை ரோஜாவில் மொட்டு பெரிதாகத்தான் வருகிறது, ஆனால் விரியாமல் பழுப்பாகிவிடுகிறது. சத்துக் குறைவோ என்று போன வாரம் ஆளுக்கொரு கைப்பிடி உரம் வைத்தேன். பலனில்லை. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?

பதியன்:
வேண்டாம். மழையில் சத்து கரைந்து போவது உண்மைதான். ஆனால் இப்போது உரம் வைத்தால் கொழுகொழுவென்று இளந்தளிர் வரும், பூஞ்சைக்கு அதுதான் விருந்து. மஞ்சளான இலையில் கரும்புள்ளி இருக்கிறதா? இருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். மட்டமான தாளில் மை ஊறினது போலப் பிசிறு பிசிறாக இருக்கிறதா? 9 செடியும் ஒரே மாதிரியா?

மாடித்தோழி:
7 செடியில் அப்படியே நீங்கள் சொன்ன பிசிறுப் புள்ளி. சுற்றிலும் மஞ்சள். மூலையில் இருக்கும் 2 செடியில் புள்ளியே இல்லை, வெறும் மஞ்சள். மண் ஈரமாக இருந்தும் இலை வாடித் தொங்குகிறது, அதுதான் புரியவில்லை.

பதியன்:
அப்படியென்றால் உங்களிடம் இருப்பது இரண்டு வேறு பிரச்சினைகள்.

அந்த 7 செடிக்கும் வந்திருப்பது கரும்புள்ளி நோய். இலை சுமார் 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் போதும், பூஞ்சை உள்ளே இறங்கிவிடும். காலையில் பெய்து மதியம் வெயில் அடித்தால் தப்பிக்கலாம். சாயங்காலம் பெய்து ராத்திரி முழுக்கக் காயாமல் நிற்பதுதான் வினை. புள்ளி விழுந்த இலைகளையும் கீழே உதிர்ந்ததையும் பொறுக்கி வெளியே போடுங்கள், உரக்குழியில் சேர்க்காதீர்கள். அதற்காகச் செடியை முழுசாக மொட்டையடிக்கவும் வேண்டாம், இலை இல்லாமல் அது எதை வைத்துத் தேறும்? தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். உள்ளே குறுக்கே வளர்ந்த குச்சிகளைக் கவாத்து செய்யுங்கள், அதாவது வெட்டிவிடுங்கள். மண் மேல் நோயில்லாத சருகு பரப்பினால், மழைத்துளி தெறித்து அடி இலையில் படுவது குறையும்.

வாடின 2 செடிக்கும் வடிகால் துளை அடைத்து, தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கும் என்று சந்தேகம். தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள்.

தோட்டத்துத் தாத்தா:
அம்மா, சமையல் சோடா ஒரு ஸ்பூன் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அடித்துப் பார். நான் வருஷக்கணக்காக அடிக்கிறேன்.

பதியன்:
தாத்தா சொல்வது ஓரளவு கேட்கும், ஆனால் அடுத்த மழையிலேயே கழுவிப் போய்விடும். அடிக்கடி அடித்தால் தொட்டி மண்ணில் சோடியம் சேரும், அது வேருக்கு ஆகாது. மேன்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லி அடிப்பதாக இருந்தால், டப்பாவில் போட்டிருக்கும் அளவில், மழைக்கு முன்பே, இலையின் அடிப்பக்கமும் நனைய அடிக்க வேண்டும். கையுறை, முகமூடி கட்டாயம். எதை அடித்தாலும் ஏற்கெனவே விழுந்த புள்ளி மறையாது. புதுத் தளிர் சுத்தமாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தோட்டத்துத் தாத்தா:
சரிப்பா, சோடியம் விஷயம் நான் யோசிக்கவில்லை. என்னுடையது தரையில் நிற்கிற செடி.

முள்காவல்:
மொட்டைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! இதழ் அடுக்கு அதிகமுள்ள ரகமா? நனைந்த வெளியிதழ்கள் வெயிலில் காய்ந்து ஒன்றோடொன்று பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பது விரிய வழியில்லாமல் அழுகும். மொட்டு இன்னும் கெட்டியாக இருந்தால், ஒட்டிய அந்த இரண்டு மூன்று இதழ்களை மட்டும் நகத்தால் மெல்ல உரித்துவிடுங்கள் அக்கா. பஞ்சு மாதிரி அமுங்கினால் காப்பாற்ற முடியாது. காம்போடு வெட்டிவிடுங்கள், சாம்பல் பூசணம் பிடித்து அடுத்த மொட்டுக்கும் போகும்.

மாடித்தோழி:
ஆறு நாள் கழித்து வருகிறேன். பதியன் சொன்னது சரி. ஒரு தொட்டியில் வேரே துளைக்குள் புகுந்து தக்கை மாதிரி அடைத்திருந்தது. இன்னொன்றின் அடியில் நான் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது (வெயில் காலத்துக்கு வைத்தது, எடுக்க மறந்தேன்). முதல் தொட்டியைக் கவிழ்த்ததும் சாக்கடை நாற்றம். பழுப்பாகி வழவழத்த வேர்களை வெட்டி, மணல் கூட்டிய புது மண்ணில் நட்டு, செங்கல் மேல் ஏற்றி வைத்துவிட்டேன். இன்னும் தலை தொங்கித்தான் இருக்கிறது, தட்டை எடுத்த செடி நிமிர்ந்துவிட்டது.

வெள்ளையில் நாலு மொட்டு உரித்தேன். இரண்டு போயிற்று. ஒன்று அப்படியே நிற்கிறது. ஒன்று நேற்று விரிந்தது, ஒரு பக்கம் கோணல், ஆனால் நல்ல வாசனை. புதுசாக நட்ட செடிக்கு உரம் எப்போது கொடுக்கலாம்?

பதியன்:
புதுத் தளிர் விரல் நீளம் வரட்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.