காத்தாடி (கரண்டு எடுக்கிற காற்றாலை) மழையை விரட்டுமா? விவரம் தெரிந்தவர்கள் வந்து பஞ்சாயத்தை முடித்து வையுங்கள்

வள்ளியூர்வாசி:

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே சண்டை. பணகுடிப் பெரியப்பா அடித்துச் சொல்கிறார்: "காத்தாடி வந்த பொறவுதான் நம்ம பக்கம் மழை போச்சு. மேகம் கூடி வரும், அந்த ரெக்கை அடிச்சுக் கலைச்சு விட்டுரும். கண்ணால பாக்கேம்லா." நான் இயற்பியல் படித்த தைரியத்தில் வாயைக் கொடுத்தேன். "நீ படிச்ச புஸ்தகம் காத்தாடிக் கம்பெனிக்காரன் அடிச்சுக் கொடுத்ததுலே" என்று ஒரே போடு. அதற்கு மொத்தக் குடும்பமும் கைதட்டு பொம்மை போட்டுவிட்டது.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. காற்று இல்லாத நாளில் கரண்டு கொடுத்துத்தான் அதைச் சுற்ற வைக்கிறார்களாம், ஊரை ஏமாற்ற. அப்புறம் மகேந்திரகிரியில் இஸ்ரோக்காரர்கள் சோதனைக்காக ராக்கெட் எஞ்சினைப் பற்ற வைத்தால் அந்த அதிர்ச்சியில் மேகம் கேரளாவுக்கே திரும்பி ஓடிவிடுகிறதாம். விக்கிப்பீடியா சுட்டியெல்லாம் அவரிடம் எடுபடாது. நம் ஊர் விவரத்தோடு, அவர் ஒத்துக்கொள்கிற மாதிரி பதில் வேண்டும். கிண்டல் பண்ணினாலும் பரவாயில்லை, விஷயம் இருக்கட்டும்.

கொண்டல்:

பெரியப்பாவைக் கேலி பண்ணாதீங்க தம்பி. அவர் கண்ணால் பார்த்தது நிஜம்தான், காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்கிறவள், வருஷா வருஷம் இதே கேள்வி வகுப்பிலும் வரும்.

நம் பக்கம் காத்தாடி மும்முரமாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரை. அது மேல்காற்று, அதாவது மேற்கேயிருந்து வருகிற காற்று. அரபிக்கடலில் ஈரத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பி, கேரளத்துச் சரிவில் ஏறும்போதே குளிர்ந்து முக்கால்வாசியை அங்கேயே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது. இறங்குகிற காற்று சூடாகும், சூடானால் மிச்சம் மீதி இருக்கிற மேகமும் கரைந்துபோகும். ஆடி மாசத்தில் பணகுடியில் நின்று மேற்கே பாருங்கள், மலை உச்சியில் கருகருவென்று மேகம் உட்கார்ந்திருக்கும், கொஞ்சம் கிழக்கே வந்ததும் ஆளைக் காணோம். காணாமல் போகிற அந்த இடத்தில்தான் வரிசையாகக் காத்தாடி நிற்கிறது. யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு வருகிற அந்தக் காய்ந்த காற்றைத் தேடித்தான் காத்தாடியே அங்கே வந்தது. மழையை மறிப்பது யார் என்று கேட்டால் மகேந்திரகிரி 1,654 மீட்டர், பொதிகையில் அகத்தியர் மலை 1,868 மீட்டர். இவர்கள் இரண்டு பேரையும்தான் கூண்டில் ஏற்ற வேண்டும்.

நமக்கு மழை என்பது ஐப்பசி, கார்த்திகை. வங்காள விரிகுடாவிலிருந்து கொண்டல் காற்று கொண்டு வருவது. அந்த மாதங்களில் காற்றின் வேகம் குறைந்துவிடுவதால் பாதிக் காத்தாடி சும்மா நிற்கும். ஆக, சுற்றுகிற மாதத்தில் மழை இல்லை, மழை பெய்கிற மாதத்தில் சுற்றுவதில்லை. இதையே வருஷக்கணக்காகப் பார்க்கிற ஒருவர் வேறு எந்த முடிவுக்கு வருவார், சொல்லுங்கள்.

ஒரு கேள்வி மட்டும் அவரிடம் கேளுங்கள். மின்சாரம் எடுக்கிற காற்றாலைகள் வரிசையாக நம் சீமைக்கு வந்தது 1986-ல், தூத்துக்குடி முள்ளக்காட்டில். 1876 முதல் 78 வரை தாது வருசப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணமே செத்துப் பிழைத்ததே, அப்போது மேகத்தைக் கலைத்த ரெக்கை யாருடையது?

ஆலங்குளத்தார்:

டீச்சர் சொல்வது பரீட்சைக்குச் சரி. நான் ஒன்று கேட்கிறேன். 2023 டிசம்பர் 17, 18-ல் வந்த வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. காயல்பட்டினத்தில் காத்தாடி இருக்கா? இல்லை! காத்தாடி இல்லாத ஊரில் ஒரு வருஷ மழை ஒரே நாளில் கொட்டுகிறது, காத்தாடி இருக்கிற ஊரில் குளம் காய்ந்து கிடக்கிறது. இதற்கு மேல் என்ன வே அத்தாட்சி வேண்டும்? சுரண்டை, ஊத்துமலை பக்கம் காத்தாடி வந்த பிறகு குற்றாலத்தில் சாரலும் முன்னைப் போல இல்லை. நான் விஞ்ஞானி இல்லை, ஆனால் எனக்கும் கண் இருக்கிறது.

நட்டுபோல்ட்டு:

அண்ணாச்சி, அதே வெள்ளத்தில் கோவில்பட்டியில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. அதற்கும் கயத்தாறுக்கும் எவ்வளவு தூரம்? கயத்தாறு முழுக்கக் காத்தாடிதானே. நாங்குநேரி வட்டத்து மூலைக்கரைப்பட்டியில் 60 சென்டிமீட்டருக்கு மேல். கலைக்கிற வேலையைக் காத்தாடி அன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிட்டதா? குற்றாலத்துச் சாரல் வருவது மேற்கேயிருந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாக. குற்றாலத்தை நனைத்த பிறகுதான் அந்தக் காற்று சுரண்டைப் பக்கம் போகிறது. பின்னால் நிற்கிறவன் முன்னால் போனவன் பையில் எப்படிக் கை விடுவான்?

நான் சில வருஷம் காத்தாடிப் பராமரிப்பில் டவர் ஏறியவன், அதனால் இரண்டு விஷயம் சொல்லலாம். பெரியப்பாவின் மனசில் இருப்பது வீட்டு ஃபேன். ஃபேன் கரண்டை வாங்கிக் காற்றைத் தள்ளும். காத்தாடியில் கதை திருப்பம், அங்கே காற்றுதான் ரெக்கையைத் தள்ளுகிறது. கடந்து போகிற காற்றின் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் கொம்பன் காத்தாடியும் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்கிற ஜெர்மன்காரர் 1920-லேயே கணக்குப் போட்டு வைத்துவிட்டார். மிச்சக் காற்று தன் பாட்டுக்கு வேகம் குறைந்து போய்க்கொண்டிருக்கும். ஆக, காத்தாடி காற்றை அமர்த்துமே தவிர அடித்து விரட்டாது.

உயரத்தைப் பாருங்கள். பழைய 250 கிலோவாட் மிஷின் ரெக்கை நுனியோடு சேர்த்து 60 மீட்டரைச் சுற்றி. இப்போது வருகிற பெரியது 150, 200 மீட்டர். மழை மேகத்தின் அடிவயிறே பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு மேலே, இடிமேகத்தின் தலை 10 கிலோமீட்டரையும் தாண்டும். எட்டாத ஒன்றை எப்படி அடிப்பது?

சரி, எட்டுகிறது என்றே வையுங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அவ்வளவு நீராவி மேலே குளிர்ந்து தண்ணீராகும்போது வெளிவிடுகிற வெப்பத்தை நம் மீட்டர் கணக்கில் சொன்னால் சுமார் 69 லட்சம் யூனிட். ஒரு 2 மெகாவாட் காத்தாடி இராப்பகலாக முழு மூச்சில் ஓடினாலும் ஒரு நாளைக்கு 48,000 யூனிட்தான், அப்படி ஓடவும் ஓடாது. அந்த ஒரு சென்டிமீட்டருக்கு ஈடுகொடுக்கவே அதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மாசம் ஆகும். காயல்பட்டினத்தின் 95 சென்டிமீட்டரை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

கரண்டு கொடுத்துச் சுற்ற வைக்கிறார்கள் என்ற கதையில் மட்டும் ஒரு துளி உண்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. காற்று வருகிற திசைக்குத் தலையைத் திருப்புகிற மோட்டார், கண்ட்ரோல் பேனல், எண்ணெய் பம்ப் எல்லாமே காற்றில்லாத நேரத்தில் மின்வாரிய லைனிலிருந்துதான் கரண்டு எடுக்கும். பழைய மிஷின்களில் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், காந்தப்புலத்துக்கு வேண்டியதை லைனிலிருந்து இழுத்துக்கொள்ளும், அதற்குத் தனியாகக் காசும் கட்டணும். சில மாடல்களைக் கிளப்பும்போது லேசாக மோட்டாராகவே சுற்றிவிடுவதும் உண்டு. ஊரை ஏமாற்றச் சும்மா சுற்ற வைத்தால் பில்லை யார் கட்டுவது? முதலாளி அவ்வளவு நல்லவர் இல்லை.

"இம்புட்டு மெதுவாச் சுத்துது, இதுல என்னத்த கரண்டு வரும்" என்று அடுத்து கேட்பார், அதற்கும் தயாராக இருங்கள். 50 மீட்டர் ரெக்கை நிமிஷத்துக்கு 15 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தூரத்தில் நின்று பார்ப்பதால் சோம்பேறி மாதிரித் தெரியும்.

ஆலங்குளத்தார்:

கணக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்போ காத்தாடியால் காற்று மண்டலத்துக்கு ஒன்றுமே ஆகாது என்கிறீர்களா? அவ்வளவு பெரிய சாமான் ஆயிரக்கணக்கில் நின்றால் ஒன்றுகூடவா ஆகாது? இப்படி ஒரேயடியாக அடித்துப் பேசுவதால்தான் படித்தவர்களை யாரும் நம்புவதில்லை.

கொண்டல்:

நியாயமான கேள்வி, இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஆகும். காத்தாடிக்குப் பின்னால் காற்று வேகம் குறையும், சுழலும், மேலே இருக்கிற காற்றும் தரையோரக் காற்றும் கலக்கும். இரவில் தரையோரம் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சற்றுச் சூடான காற்றும் இருப்பதால், இரண்டும் கலந்தால் தரையோரம் கொஞ்சம் சூடு கூடும். அமெரிக்காவில் டெக்சாஸ் காற்றாலைப் பகுதிகளைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில் இது தெரிந்தது. ஒரு டிகிரிக்கும் குறைவான சங்கதி, அதுவும் பெரும்பாலும் இரவில், காத்தாடிகள் நிற்கிற இடத்தை ஒட்டி.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். டென்மார்க்கில் கடலுக்குள் ஹார்ன்ஸ் ரெவ் என்று ஒரு காற்றாலைப் பண்ணை. 2008 பிப்ரவரியில் அங்கே எடுத்த ஒரு படம் உலகம் முழுக்கப் பிரபலம். காற்றில் ஈரம் கொழுத்திருந்த அன்றைக்கு ஒவ்வொரு காத்தாடிக்குப் பின்னாலும் வெள்ளையாக மூடுபனி வால் நீண்டிருக்கும். அதாவது கலைப்பதற்குப் பதிலாக மேகத்தை உண்டாக்கிக் காட்டியிருக்கிறது! பெரியப்பாவுக்கு அந்தப் படத்தை அனுப்புங்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு "மழை வர இன்னும் நாலு காத்தாடி நடணும்" என்று கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் தப்பு. அது கடல் மட்டத்துப் பனி, மழை மேகம் இல்லை.

குளத்துக்கரை:

நீங்கள் எல்லாரும் வானத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். நான் ராதாபுரம் பக்கத்து விவசாயி, எனக்குத் தரையில் வழக்கு.

காத்தாடி நடுவதற்கு ராட்சச கிரேனும் ரெக்கை ஏற்றிய லாரியும் வரணும், அதற்கு அகலமாக மேடு தூக்கி ரோடு போடுவார்கள். எங்கள் ஊர் மானாவாரிக் குளத்துக்கு வருகிற ஓடையின் குறுக்கே அப்படி ஒரு ரோடு. கீழே போட்டது ஒற்றைக் குழாய், அதுவும் முதல் வெள்ளத்திலேயே மண் அடைத்துக்கொண்டது. மழை பெய்கிறது, தண்ணீர் ரோட்டோரமாகத் திரும்பி எங்கேயோ போகிறது, குளம் பாதிகூடப் பெருகுவதில்லை. ஊரில் கேட்டால் "காத்தாடி வந்து மழை போச்சு" என்பார்கள். மழை எங்கேயும் போகவில்லை வே, வரத்துதான் போச்சு. கம்பெனிக்காரனுக்கு இந்த மேகக் கதை ரொம்ப வசதி. "இந்தப் பட்டிக்காட்டு ஜனங்களுக்கு அறிவியலே தெரியாது" என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம், ஓடையைப் பற்றி அவனிடம் யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு ஆத்திரமே அதுதான்.

நட்டுபோல்ட்டு:

இது சரியான பாயிண்ட். நான் வேலை பார்த்த சைட்டிலும் இப்படி நடந்ததுண்டு, ரோடு போடுகிறவனுக்கு ஓடை என்பது பள்ளம், நிரப்ப வேண்டியது, அவ்வளவுதான். அண்ணாச்சி, அந்த ஓடை எந்த சர்வே எண்ணில் வருகிறது என்று அ-பதிவேட்டில், அதாவது ஊர் நிலக் கணக்கில் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் புலப்பட (நில அளவை வரைபடம்) நகல் வாங்கி, ரோடு குறுக்கே போகிற இடத்தைக் குறித்து, வெள்ளம் வரும்போது எடுத்த போட்டோவோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுங்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதையே எழுப்புங்கள். மனுவில் மேகம், மழை என்று ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. "குழாயை எடுத்துவிட்டுப் பாலம் கட்டித் தரணும்" என்று மட்டும் இருக்கட்டும்.

குளத்துக்கரை:

நகலுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. கையில் வந்ததும் எண்ணை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

வள்ளியூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. கொண்டல் அக்கா சொன்ன மே, ஐப்பசிக் கணக்கைத்தான் முதலில் எடுத்துவிடப் போகிறேன், அதை அவரால் மறுக்க முடியாது. பணகுடியிலும் ஒரு ஓடை அடைபட்டுக் கிடப்பதாக அவரே ஒரு தடவை சொன்னார், அதையும் கேட்கணும். ஆனால் மகேந்திரகிரி ராக்கெட்டை யாருமே தொடவில்லையே?

நட்டுபோல்ட்டு:

தம்பி, சத்தத்தால் மேகம் ஓடும் என்றால் தீபாவளிக்கு நம் நாட்டில் ஒரு மேகம்கூட மிஞ்சாது. அது வருவதே ஐப்பசி மழைக்கு நடுவில். மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்துப் பார்ப்பதில் கிரையோஜெனிக் எஞ்சினும் உண்டு, அதில் எரிவது திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும். இரண்டும் சேர்ந்து எரிந்தால் வெளியே வருவது என்ன தெரியுமா? பெரும்பாலும் நீராவி.

ஆலங்குளத்தார்:

அப்போ தினமும் காலையில ஒரு தடவை பத்த வைக்கச் சொல்லுங்க வே. கார் சாகுபடிக்காவது ஆகும்.