கரண்ட் வந்தது, போட்டோக்களைக் காணோம்: வீட்டு சர்வரில் நமக்கு நடந்தவை

(பெங்களூரில் வீட்டு சர்வர் ஓட்டும் மூன்று பேர், அவரவர் ஏரியா பெயரில்.)

ஹலசூரு:
எஸ்.பி. ரோட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் தின்க்சென்டர் டைனி என்ற குட்டி கம்ப்யூட்டர், அதில் செருகிய 4 டிபி யூஎஸ்பி டிஸ்க். ஷூ ஸ்டாண்ட் மேல் உட்கார்ந்திருக்கும் இதுதான் எங்கள் வீட்டு சர்வர். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றுவதெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரும் என்றானதிலிருந்தே படங்களை வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆசை. கூகுள் போட்டோஸ் வேலையை வீட்டு சர்வரில் செய்யும் இம்மிச் கிடைத்ததும், புரோகிராம்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரில், கம்போஸ் ஃபைல் எழுதி ஏற்றிவிட்டேன்.

போன மே மாத மழையில் தெருவில் கிளை முறிந்து விழுந்து ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் பெட்டி தானாக எழுந்துகொண்டது. நானும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். சேலத்திலிருந்து அம்மா போன்: "டேய், பாப்பா போட்டோ ஒண்ணையும் காணோம்டா."

திறந்து பார்த்தால், புதிதாக அட்மின் கணக்கு தொடங்குங்கள் என்று வரவேற்கிறது. 11 வருஷப் படங்கள்! டாக்கர் பட்டியலைப் பார்த்தால் எல்லா கன்டெய்னரும் 'ஹெல்தி'. எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

எந்தெந்த டிஸ்க் இணைந்திருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப்' கட்டளை அடித்ததும் புரிந்தது. 4 டிபி டிஸ்க் மவுன்ட் ஆகவே இல்லை, அதாவது அதற்குரிய ஃபோல்டரில் இணையவே இல்லை. அது சுழன்று எழ நேரமாகியிருக்கிறது. டிஸ்குகளை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், டிஸ்க் வராவிட்டாலும் நிற்காதே என்னும் 'நோஃபெயில்' போட்டு வைத்தது நான்தான், அதனால் லினக்ஸ் அதற்காகக் காத்திருக்கவில்லை. டாக்கர் முந்திக்கொண்டு, டிஸ்க் மவுன்ட் ஆக வேண்டிய வெறும் ஃபோல்டரை கன்டெய்னருக்குள் கொடுத்துவிட்டது. இம்மிச்சின் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் காலி ஃபோல்டரைப் பார்த்தால் புது டேட்டாபேஸ் தொடங்கிவிடும், அதையே செய்தது. அந்த ஃபோல்டரே இல்லாமல் இருந்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது. வால்யூமை, அதாவது கன்டெய்னருக்கு எந்த ஃபோல்டர் என்பதை, கம்போஸில் சுருக்கமாக ஒரே வரியில் எழுதினால் டாக்கரே ஃபோல்டரை உருவாக்கிக் கொள்ளும்.

கன்டெய்னர்களை நிறுத்தி, அந்த வெறும் ஃபோல்டர் வழியாகப் பெட்டியின் எஸ்எஸ்டியில் விழுந்த குப்பையை வேறு பெயரில் ஒதுக்கி, டிஸ்கை மவுன்ட் செய்து எழுப்பினேன். எல்லாம் அப்படியே இருந்தது. அம்மாவிடம் "கரண்ட் போச்சும்மா" என்பதோடு முடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு இரண்டு காரியம் செய்தேன். லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டியில், டாக்கரின் சர்வீஸுக்கு 'ரிக்வயர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார்' வரி சேர்த்தேன். டிஸ்க் வராமல் டாக்கர் எழாது. இன்னொன்று, டிஸ்கைக் கழற்றிவிட்டு அந்த வெறும் ஃபோல்டரைப் பூட்டும் 'சாட்டர் பிளஸ் ஐ' கட்டளை. இனி டிஸ்க் இல்லாத நேரத்தில் அட்மினான ரூட்டாலும் அதில் எழுத முடியாது. கன்டெய்னர் கத்திக்கொண்டு விழும். கத்தட்டும்.

மத்திகெரே:
எனக்கு வினை, வெர்ஷன் எண் போடாமல் புதியதையே எடுக்கும் 'லேட்டஸ்ட்' டேக். போஸ்ட்கிரெஸ் 15-ல் ஓடிக்கொண்டிருந்தது, புல் செய்ததும் (புதிதாக இறக்கியதும்) 16 வந்து, பழைய ஃபைல்கள் பொருந்தாது என்று ரீஸ்டார்ட் மேல் ரீஸ்டார்ட். 15 என்று எண் போட்டு எழுப்பி, டேட்டா முழுவதையும் டம்பாக வெளியே எடுத்து, 16-ல் ஏற்றினேன். ஞாயிறு மதியம் போச்சு, டேட்டா போகவில்லை.

கே.ஆர். புரம்:
நீங்களெல்லாம் புண்ணியவான்கள். நான் கன்டெய்னர்களை இறக்கும் 'டவுன்' கட்டளையோடு 'மைனஸ் வி' சேர்த்து அடித்தவன். கன்டெய்னரோடு அதன் டேட்டா இருக்கும் நேம்டு வால்யூமும் போய்விடும் என்று அப்போது தெரியாது. அதில் இருந்தது பாஸ்வேர்டு பெட்டகமான வால்ட்வார்டன், வீட்டின் அத்தனை பாஸ்வேர்டும். மனைவியின் போன் ஆப்பில் ஒரு பிரதி இருந்தது. சின்க் ஆகிக் காலியாகிவிடுமோ என்ற பயத்தில் ஏர்பிளேன் மோடில் போட்டு, தினசரி காலண்டர் கிழித்த தாள்களின் பின்பக்கம் 63 பாஸ்வேர்டுகளைக் கையால் எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல நான் எழுத, "இது சின்ன 'எல்' எழுத்தா, ஒண்ணா?" என்று இரவு இரண்டு மணி வரை சண்டை.

ஹலசூரு:
காலண்டர் தாள் பேக்கப் பிரமாதம் சார்! அன்றைக்கு என்னிடம் அதுகூட இல்லை. இப்போது ஓசூரில் தம்பி வீட்டில் ஒரு டிஸ்க் வைத்திருக்கிறேன், இரவில் ரெஸ்டிக் என்ற பேக்கப் புரோகிராம் அங்கே அனுப்புகிறது. இரண்டு வீட்டு இணைப்பும் சிஜிநாட்டுக்குள் (பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரி) இருப்பதால் வெளியிலிருந்து உள்ளே வர போர்ட் திறக்க வழியில்லை, இரண்டு வீட்டுப் பெட்டிகளையும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல்தான். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு ஆல்பத்தை அங்கிருந்து இறக்கிப் பார்க்கிறேன்.

பாக்கி கரண்ட்தான். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும், டைனிக்கு 20 வோல்ட் வேண்டும். டிஸ்கோடு சேர்த்துப் பத்து நிமிஷம் தாங்கி, ஒழுங்காக ஷட்டவுன் ஆக விடும் யூபிஎஸ் யாராவது ஓட்டுகிறீர்களா?