பணம் செலவழித்துக் கேட்ட ஆய்வை நிர்வாகம் செயல்படுத்துகிறதா?

கேள்வி (பாயான் லெப்பாஸ்)
வணக்கம். நான் ஒரு தொழிற்சாலையில் தரவுப் பகுப்பாய்வு செய்கிறேன். இரவு ஷிஃப்ட் ஆட்கள் ஏன் ஆறு மாதம்கூட நிலைப்பதில்லை என்று கண்டறியச் சொன்னார்கள். காலை ஏழு மணிக்கு வேலை முடிந்த பட்டர்வொர்த் ஆட்கள், அலுவலக ஊழியர்களை ஏற்றி வரப் போன பஸ் திரும்பும்வரை, எட்டரை மணிவரை காவலர் சாவடி அருகே காத்துக் கிடக்கிறார்கள். அந்தப் பஸ்ஸை நம்பியிருப்பவர்களே அதிகம் விலகுகிறார்கள் என்பதைப் பதிவேடுகளை வைத்தே காட்டினேன். இயக்குநர் வரைபடத்தைப் பார்த்து, "நல்ல வேலை" என்று சொல்லிக் கோப்பை மூடினார். எட்டு மாதமாகியும் பஸ் நேரம் மாறவில்லை. இப்போது அதே கேள்விக்கு விடை காண வெளியிலிருந்து ஆலோசகர்களை அமர்த்தப்போகிறார்கள். எந்த ஆய்வாவது செயலுக்கு வந்ததை யாரேனும் பார்த்திருக்கிறீர்களா?

மறுமொழி (கோலாலம்பூர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்)
பார்த்திருக்கிறேன் தம்பி. தலைநகரின் வெள்ளத்தைத் தணிக்க வழி ஆராய்ந்து, 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கத்தைக் கட்டி 2007இல் திறந்தார்கள். காவல்துறையை மேம்படுத்த 2004இல் அமைந்த அரச ஆணையத்தின் கதை வேறு. மறு ஆண்டே அது 125 பரிந்துரைகளை அளித்தது. காவலர் மீதான புகார்களை விசாரித்து ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கக்கூடிய சுயேச்சை ஆணையம் அவற்றுள் முக்கியமானது. அதற்கான சட்டம் 2022இல்தான் நிறைவேறி, 2023 ஜூலையில் நடப்புக்கு வந்தது. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமோ அதில் இடம்பெறவில்லை. வெள்ளத்தைப் பற்றிய ஆய்வு எவருடைய அதிகாரத்திலும் கை வைப்பதில்லை என்பதே இரண்டுக்குமுள்ள வேறுபாடு என்று நினைக்கிறேன்.

மறுமொழி (பிறை, மனிதவளப் பிரிவு)
ஐயா சொல்வதை நானும் கண்டிருக்கிறேன். பஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் யார் என்று பாருங்கள். அவரைக் கலக்காமல் அறிக்கை மேலே போயிருந்தால், அது அவர் மீதான புகாராகவே அவருக்குப் பட்டிருக்கும். "இந்த விடை வந்தால் எதை மாற்றுவீர்கள், செலவு யார் கணக்கில்?" என்று தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வாங்காமல் நான் இப்போது எந்த ஆய்வையும் ஏற்பதில்லை. பதில் வராத ஆய்வுகளை இருமுறை மறுத்தும் இருக்கிறேன். மனத்தாங்கல் ஏற்பட்டது உண்மைதான்.

கேட்டவர்
இருவருக்கும் நன்றி. விசாரித்தேன். ஒப்பந்தம் பொது நிர்வாகப் பிரிவு மேலாளரின் பொறுப்பில் இருக்கிறது. அறிக்கையை அவருக்கு யாருமே அனுப்பவில்லை. டிசம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். ஏழு மணிக்குத் தனியாக ஒரு வேன் விட்டால் என்ன செலவாகும் என்று அவருடனேயே உட்கார்ந்து கணக்கிடத் திங்கட்கிழமை நேரம் கேட்டிருக்கிறேன்.