20 நிமிடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டு: ஐரோப்பிய மாநாட்டுக்கு எப்படித் தயாராவது?

ஏரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஜூலையில் ஐரோப்பாவில் நடக்கும் தெற்காசிய ஆய்வு மாநாடு ஒன்றுக்கு என் கட்டுரையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காஞ்சிபுரம் அருகே உத்திரமேரூரில் உள்ள, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டும்தான் பொருள்; ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுக்கும் விதிகளை அவை சொல்கின்றன. ஆய்வேட்டில் அது ஒரு இயல், 42 பக்கம். மாநாட்டில் தந்திருப்பது 20 நிமிடம். மறுநாள் அதே ஊரில் பொதுமக்களுக்கு 45 நிமிட உரை, ஸூமிலும் ஒளிபரப்புவார்கள். 42 பக்கத்தை எப்படிச் சுருக்குவது? ஸ்லைடில் உள்ள தமிழ் அங்கே உடையாமல் தெரியுமா? சென்னையிலிருந்து விசா வேலையை எப்போது தொடங்க வேண்டும்?

கல்லெழுத்து:

இயலைச் சுருக்காதீர்கள், புதிதாக எழுதுங்கள். சுருக்கப் போனால் முன்னுரை அப்படியே நிற்கும், சான்றுதான் வெட்டுப்படும். விஜயாலயனில் தொடங்கிச் சோழர் வரலாற்றைச் சொல்லி முடிக்கவே 8 நிமிடம் ஓடிவிடும். அமர்வுத் தலைவர் ‘5 நிமிடம்’ என்ற அட்டையைத் தூக்கும்போது நீங்கள் கல்வெட்டின் முதல் வரியில் நிற்பீர்கள்.

ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 110 முதல் 120 சொல் போகும். ஊர்ப்பெயர், ஆட்பெயர், தமிழ் மேற்கோள் எல்லாம் வேகத்தைக் குறைக்கும் என்பதால் 2,000 சொல்லோடு நிறுத்துங்கள். இரட்டை இடைவெளியில் அச்சிட்டால் 8 பக்கம். எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரத்தை முன்னே வைத்து மூன்று முறையாவது வாசித்துப் பாருங்கள். நேரம் போதாவிட்டால் எந்த இரண்டு பத்தியைத் தாண்டுவது என்று முன்கூட்டியே ஓரத்தில் கோடிட்டு வையுங்கள். மேடையில் நின்று தேடினால் முடிவுரைதான் பலியாகும்.

தொடக்கம் உங்கள் கையிலேயே இருக்கிறது. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வாரியத்துக்கு வருபவரின் வயது 30க்கு மேல், 60க்குள். இரண்டே ஆண்டில், 921இல், அது 35க்கு மேல், 70க்குள் என்று மாறுகிறது. முதல் நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். எழுதிய விதியை ஒரு சபை இவ்வளவு சீக்கிரம் ஏன் திருத்தியது என்ற கேள்வி, சோழரைப் பற்றி ஒன்றும் அறியாமல் நேபாளத்தையோ வங்காளத்தையோ ஆய்கிறவரையும் உட்கார வைக்கும். பராந்தகன் யார் என்பதற்கு இரண்டு வாக்கியம் தாராளம்.

அவையில் கொடுக்க ஏ4 தாள் ஒன்றில் இரு பக்கமும் கையேடாக அச்சிட்டு 25 படி எடுத்துப் போங்கள். ஐந்தாறு வரி மூலம், எதிரே எழுத்துப்பெயர்ப்பு, கீழே மொழிபெயர்ப்பு, வரிக்கு வரி எண். மூலத்தில், சமஸ்கிருதச் சொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்து கலந்து வருவதால் அந்தச் சொற்களைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள். ஸ்லைடு ஓடவில்லை என்றாலும் இந்தத் தாள் உங்களைக் காப்பாற்றும்.

சுவடிக்கட்டு:

எழுத்துருவுக்கு வருகிறேன். பழைய கோப்பில் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய பகுதி ஏதாவது இருந்தால் முதலில் அதை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றுங்கள். பாமினி இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். ஒருங்குறியிலும் ஒரு சிக்கல் உண்டு: விண்டோஸில் உள்ள லதா, நிர்மலா எழுத்துருக்கள் மேக் கணினியில் இருக்கும் என்று நம்ப முடியாது. வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரி நீளம் மாறும், மேற்கோளின் கடைசி வரி பெட்டிக்கு வெளியே போய்விடும்.

நோட்டோ தமிழ் எழுத்துருவில் ஸ்லைடைச் செய்து, பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்துவிடுங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். பிடிஎஃப்பின் பண்புகளைத் திறந்து, எழுத்துருப் பெயருக்கு எதிரே பதிந்திருப்பதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். கிரந்தத்துக்கு ஒருங்குறியில் 2014 முதல் தனி இடம் உண்டு, நோட்டோவில் அதற்கும் எழுத்துரு கிடைக்கிறது. பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என இரண்டு படி வேண்டும்.

ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் சமஸ்கிருத முறையை அப்படியே எடுத்தால் தமிழுக்குப் போதாது. அங்கே எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் வேறுபாடு இல்லாததால் மேற்கோடு போடுவதில்லை. நமக்கு ‘எரி’ வேறு, ‘ஏரி’ வேறு. ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசப்போகிற கட்டுரையில் இதில் தவறினால் நன்றாக இருக்காது. தமிழ் லெக்சிகன் முறையைப் பின்பற்றுங்கள்: ஏ, ஓ மேல் கோடு; ழ, ற, ன மூன்றுக்கும் எழுத்தின் கீழே கோடு; ள, ண, ட மூன்றுக்கும் கீழே புள்ளி.

கல்வெட்டுப் படத்தை முழுச் சுவராகப் போட்டால் பின்வரிசையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வயதைச் சொல்லும் வரியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, மைப்படியை (கல்லில் தாளை ஒற்றி மையால் எடுத்த படியை) அருகில் வையுங்கள். படம் யாருடையது என்பதையும் அதே ஸ்லைடில் குறிப்பிடுங்கள்.

கடவுச்சீட்டு:

ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். பரிசீலனைக்குப் பொதுவாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். ஜூலைப் பயணம் என்றால் ஏப்ரலிலேயே நாள் குறித்துவிடுங்கள், கோடையில் இடம் கிடைப்பது கடினம். இரண்டு நாடு போவதாக இருந்தால் அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பம். காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ.

நம்மவர்கள் சிக்குவது பெயரில்தான். மாநாட்டுப் பதிவில் தலைப்பெழுத்தோடு சுருக்கமாகப் பெயரைக் கொடுத்துவிடுகிறோம், கடவுச்சீட்டிலோ தந்தை பெயர் விரிந்து குடும்பப்பெயர் கட்டத்தில் இருக்கிறது. அழைப்புக் கடிதத்தில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறு பெயர் என்று ஆகிவிடும். பதிவுப் படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். நிகழ்ச்சி நிரலிலும் மார்பில் அணியும் பெயர் அட்டையிலும் எந்தப் பெயர் வேண்டும் என்பதைத் தனி மின்னஞ்சலில் சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் பொது உரைக்கும் தனிக் கடிதம் வாங்கி இணையுங்கள். பயணத் திட்டத்தில் இருக்கும் கூடுதல் நாளுக்கு அது சான்று.

ஏரிக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. கோப்பில் நான்கு ஸ்லைடு பாமினியில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். எழுதி வாசிப்பதா, குறிப்பு வைத்துக்கொண்டு பேசுவதா? பொது உரையில் “அப்படியானால் தேர்தல் முறை நம்மிடம்தானே முதலில் இருந்தது?” என்று கட்டாயம் கேட்பார்கள். என்ன சொல்வது?

கல்லெழுத்து:

மாநாட்டில் வாசியுங்கள், பொது உரையில் பேசுங்கள். வாசித்தால்தான் 20 நிமிடம் கட்டுப்படும், சான்றைச் சொல்லும்போது சொல் பிசகாது.

பேரேடு:

மாநாட்டைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 8 பக்கத்தையும் தலைகுனிந்து வாசித்தால் நான்காம் பக்கத்திலேயே அவை கலைந்துவிடும். கல்வெட்டு வரியை விளக்கும் நடுப்பகுதியையாவது தாளை விட்டு, திரையைக் காட்டிப் பேசுங்கள்.

தேர்தல் கேள்விக்குக் கல்வெட்டே பதில் வைத்திருக்கிறது, கேட்பவர் மனம் நோகாமல் அதைச் சொல்லலாம். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த ஊர். பேசுவது பிராமணர்களின் மகாசபை, ஊரார் அனைவரும் அதில் இல்லை. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி இருப்பவர் பெயரைத்தான் ஓலையில் எழுத முடியும். ஊரின் 30 குடும்புகளிலும் (வட்டங்களிலும்) தகுதியுள்ளோர் பெயரைக் குடும்புவாரியாக எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அது திருவுளச்சீட்டு, வாக்கு எண்ணிக்கை அங்கே இல்லை. இப்படி வரும் 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

அங்கேயே நிறுத்தினால் அவை வாடிவிடும். உண்மையிலேயே வியக்க வேண்டியதை அடுத்துச் சொல்லுங்கள்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்குள்ளேயே வர முடியாது, கடந்த மூன்றாண்டில் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை. கணக்கைக் கேட்கும் அந்தக் கண்டிப்பை 1,100 ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதுவே போதுமான பெருமை, மிகைப்படுத்தத் தேவையில்லை.

மாநாட்டில் கேள்வி வேறு திசையிலிருந்து வரும். வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் சொன்ன கூறாக்க அரசுக் கருத்தை (சோழ அரசின் மையப் பிடி தளர்வானது, வட்டாரங்கள் பெரும்பாலும் தம்மைத் தாமே ஆண்டன என்பது) வைத்து, இது ஊரின் சொந்த முடிவா, மன்னன் திணித்ததா என்று கேட்பார்கள். இரு கல்வெட்டிலும் அரசாணைப்படி ஓர் அதிகாரி உடனிருந்து இந்த ஏற்பாடு நடந்ததாக வருகிறது. அந்த வரி கட்டாயம் கையேட்டில் இருக்கட்டும்.

சுவடிக்கட்டு:

ஸூம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே அரங்கில் இரண்டு மடிக்கணினி கூட்டத்தில் சேர்ந்தால் ஒன்றின் மைக்கையும் ஒலிபெருக்கியையும் முழுக்க அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரொலி ஊளையிடும். அரங்கில் கேட்கும் கேள்வி இணையத்தில் இருப்பவருக்குக் கேட்காது. தலைவர் அதை மைக்கில் திரும்பச் சொன்ன பிறகே பதில் சொல்லத் தொடங்குங்கள். ஜூலையில் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கும் நமக்கும் மூன்றரை மணி வித்தியாசம். அங்கே மாலை 6 மணி என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 9.30. பிற்பகல் 3 மணிக்கு வைக்க முடியுமா என்று ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே கேளுங்கள், அழைப்பிதழில் இரண்டு நேரத்தையும் போடச் சொல்லுங்கள்.